பத்திர ஆபீஸில் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கோபிசெட்டிபாளையத்தில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். ஆபீஸ் என்றால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூம், இரண்டு கம்ப்யூட்டர், டைப் அடிக்கும் அக்கா ஒருவர், ஓடியாட ஒரு தம்பி, நான், அவ்வளவுதான். 2019 ஜூலையில் முதல் ஆல்-இன்-ஒன் (அச்சு, ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் ஒரே மெஷினில்) வாங்கினேன். அது 2022 கடைசியில் நின்றுபோனது. அடுத்து வாங்கியது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் என்று அடிக்கடி யாராவது போன் போட்டு, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "ஒரு பக்கத்துக்கு எவ்வளவு ஆகுது?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது ஒரு கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் மட்டும். அதில் அச்சடிக்கலாம், வேறொன்றும் முடியாது. ஜெராக்ஸ், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். ஒரு கிரயம் என்று எடுத்துக்கொண்டால் தாய்ப்பத்திரம், பட்டா, விற்பவர், வாங்குபவர் இருவரின் ஆதார் கார்டு, பான் கார்டு, சாட்சிகளின் அடையாள அட்டை என்று ஒரு கட்டுக் காகிதம். தம்பி அதைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி, அங்கே நிற்கும் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று எடுத்து வருவான். முகூர்த்த நாளில் அதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும்.

2019 மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் ஒரு பாட்டியம்மாவின் தாய்ப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிப் பார்க்கிறேன், கடைசித் தாள் இல்லை. சார்பதிவாளர் கையெழுத்தும் சீலும் இருக்கிற தாள். கடை பூட்டிவிட்டார்கள். கடைக்காரர் வீட்டைத் தேடிப் போய், அவரைக் கூட்டிவந்து திறந்து பார்த்தால் மெஷின் கண்ணாடி மேலேயே குப்புறக் கிடந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை, கூட்டத்தில் எடுக்க மறந்துவிட்டான் பையன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்தம்மா எங்கள் பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு இருந்தது அந்த அரை ஏக்கர்தான். இனி ஒரிஜினல் இந்த ரூமைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இரண்டு மாதத்தில் மெஷின் வந்தது.

ஆக, பணம் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு வாங்கியது இல்லை இது. கட்சிக்காரர் நம்மை நம்பிக் கொடுக்கிற காகிதம் அவர் கண் முன்னாலேயே ஜெராக்ஸாகி, ஸ்கேனாகி, அவர் கைக்கே திரும்பிப் போகிறது. ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். ஆதார் நகல் வேறு ஒருவருடைய கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பில் கிடக்கிறதே என்ற கவலையும் அதோடு போயிற்று.

வாங்கின பிறகுதான் தெரிந்தது, எங்களுக்கு அதிகம் உழைப்பது பிரிண்டர் பாகத்தை விட ஸ்கேனர் பாகம்தான் என்று. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் வந்து பதிவு வேலை ஆன்லைனுக்குப் போனதிலிருந்து எல்லாமே பிடிஎஃப்தான். வரைவை ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் துபாயில் இருக்கும் மகன் படித்துப் பார்த்து, "சர்வே நம்பர் உட்பிரிவு சரியா இருக்காங்க?" என்று கேட்டு, சரி சொன்ன பிறகு முத்திரைத்தாளில் அடிக்கிறோம். இது முன்பு நடக்காத காரியம்.

ஸ்கேனரில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அளவு. இந்த ரக மெஷின்கள் பெரும்பாலானவற்றில் கண்ணாடி ஏ4 அளவுதான், அதாவது நீளம் 297 மில்லிமீட்டர். நம் பத்திரம் லீகல் அளவு, 356 மில்லிமீட்டர். கண்ணாடியில் வைத்தால் அடியில் கையெழுத்து இருக்கும் இடம் வெட்டுப்படும். மேலே தாளைத் தானாக இழுக்கும் ஏடிஎஃப் இருந்தால் மட்டுமே லீகல் தாள் முழுசாக ஸ்கேன் ஆகும், அதுவும் எல்லா மாடலிலும் இல்லை, பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். ஏடிஎஃப் இல்லாத மாடல் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, ஒவ்வொரு பத்திரத்தையும் மேல்பாதி கீழ்ப்பாதி என்று ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆனால் அந்த ஏடிஎஃப்பில் எதையெல்லாம் வைக்கக் கூடாது என்பதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். 1962-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று வந்தது. கையெழுத்துப் பிரதி, நாலாக மடித்து மடித்து மடிப்பில் துணி மாதிரி நைந்துபோயிருந்தது. அவசரத்தில் மற்ற தாள்களோடு சேர்த்து மேலே வைத்துவிட்டேன். இரண்டாவது தாள் உள்ளே போகும்போது சரசரவென்று ஒரு சத்தம். உடனே சுவிட்சை அணைத்து, மூடியைத் திறந்து, ரோலரைக் கையால் மெதுவாகத் திருப்பித் திருப்பி, தாள் போன திசையிலேயே இழுத்தேன். பின்பக்கமாக இழுத்தால் கிழிந்துவிடும். மூலையில் நகக்கண் அளவுக்குக் கிழிந்ததோடு வந்துவிட்டது, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து பழைய பத்திரம், மடிப்பு நைந்தது, பின் அடித்த தடம் இருப்பது, வொயிட்னர் பூசியது எதுவும் மேலே போகாது. கண்ணாடியில்தான், இரண்டு தடவையாக ஆனாலும் சரி.

வொயிட்னர் என்றதும் இன்னொன்று. ஒரு நாள் 42 பக்கம் ஸ்கேன் பண்ணியதில் எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழே ஒரே கோடாகக் கறுப்புக் கோடு. கண்ணாடியில் வைத்தால் கோடு இல்லை, மேலே வைத்தால் மட்டும் வருகிறது. சர்வீஸுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றே முடிவு செய்துவிட்டோம். அப்புறம் அக்காதான் கண்டுபிடித்தார்கள். பெரிய கண்ணாடிக்கு இடப்பக்கம் ஒரு விரல் அகலத்தில் தனியாக ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கிறது. ஏடிஎஃப்பில் தாள் நகரும்போது மெஷின் அந்தப் பட்டை வழியாகத்தான் பார்க்கிறது. அதில் கடுகில் பாதி அளவுக்குக் காய்ந்த வொயிட்னர் ஒட்டியிருந்தது. தாள் நகர்கிறது, புள்ளி அப்படியே நிற்கிறது, அதனால் கோடாக விழுகிறது. ஈரத்துணியால் தொட்டு நகத்தால் சுரண்டினதும் சரியாகிவிட்டது. உங்கள் மெஷினில் கோடு விழுந்தால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

ஸ்கேன் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கலரில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் ஒரு ஏ4 பக்கம் சுருக்காத நிலையில் 26 எம்பி வரும். பிடிஎஃப் ஆக்கும்போது மெஷின் அதைச் சுருக்கும்தான், இருந்தாலும் முப்பது பக்கம் என்றால் அப்லோடு ஆகாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். எங்கள் பழக்கம், சீல் இருக்கும் பக்கம் மட்டும் கலர், மற்றதெல்லாம் கிரே, 200 டிபிஐ. படிக்க ஒரு குறையும் இல்லை.

இப்போது அச்சு. எங்கள் தொழிலில் ஒரு தாள் வீணானால் அது அறுபது பைசா தாள் இல்லை. இரண்டாவது மெஷின் வந்த வாரம், கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் டிரைவர் மென்பொருளில் இருபக்க அச்சு தானாகவே ஆன் ஆகியிருந்ததைக் கவனிக்காமல், 5,000 ரூபாய் முத்திரைத்தாளில் பிரிண்ட் கொடுத்துவிட்டோம். முதல் பக்கம் வந்தது, முழுசாக வெளியே வருவதற்குள் மெஷின் தாளை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் பக்கத்தைப் பின்னால் அடித்துவிட்டது. பின்பக்கம் பதிவு ஆபீஸ் எழுத வேண்டிய இடம். கையெழுத்தாகாத தாள் என்பதால் 6 மாதத்துக்குள் மனுப் போட்டு, ரூபாய்க்குப் பத்துப் பைசா பிடித்தம் போக மீதியைத் திரும்பப் பெற சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனாலும் அன்றைக்குப் பதிவுக்கு வாங்கிய டோக்கன் நேரம் நெருங்கிவிட்டது, வேறு தாள் வாங்க ஓட வேண்டியதாயிற்று. புது மெஷின் வந்ததும் முதல் வேலையாக இருபக்க அச்சை நிறுத்திவிட்டு, வெறும் லீகல் தாளில் ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் முத்திரைத்தாளைக் கையில் எடுங்கள்.

லேசரா, பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்கா என்று கேட்பார்கள். தினமும் ஐநூறு பக்கம் சாதாரண ஏ4 தாளில் அடிக்கிற ஆபீஸுக்கு லேசர் ஆல்-இன்-ஒன் நல்லது, வேகம் அதிகம், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் உலராது. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, சூட்டில் உருக்கித் தாளின் மேல் ஒட்டவைக்கிறார்கள். தடித்த தாளை மடித்து மடித்து வைத்தால் மடிப்பின் மேல் இருக்கும் எழுத்து உதிர்கிறது. பத்திரம் மடிக்கப்படுகிற காகிதம், முப்பது வருடம் கழித்தும் அதைப் படிக்க வேண்டும். இன்னொன்று மின்சாரம். லேசர் சூடேறும்போது இழுக்கிற கரண்டுக்கு எங்கள் 600 விஏ யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். இங்க் டேங்க் மெஷின் அச்சடிக்கும்போது ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் எடுக்கிறது, கரண்ட் போனாலும் கையில் இருக்கும் பத்திரத்தை முடித்துவிடலாம்.

மையிலும் இரண்டு ரகம் இருக்கிறது. சாயமாகக் கரைந்திருக்கும் டை மை, நுண்ணிய துகளாக மிதக்கும் பிக்மென்ட் மை. டை மையில் அடித்த தாளில் வியர்வைக் கை பட்டாலே எழுத்து ஊறிப் பரவும். பிக்மென்ட் தாளில் பிடித்துக்கொள்ளும், காய்ந்த பின் தண்ணீர் பட்டாலும் கலையாது. ஆவணம் அடிக்கிறவர்கள் கருப்பு மையாவது பிக்மென்ட்டாக இருக்கும் மாடலைத்தான் வாங்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். எப்சன், கேனான், எச்பி, பிரதர் என்று எல்லோருமே இங்க் டேங்க் விற்கிறார்கள், மாடலுக்கு மாடல் மை மாறும், அதனால் கம்பெனி பெயரை விட மாடல் விவரத்தைப் பாருங்கள்.

இங்க் டேங்கின் பலவீனம் ஆடி மாதம். ஆடியில் யாரும் கிரயம் பண்ண வர மாட்டார்கள், மார்கழியும் அப்படித்தான். மெஷின் சும்மா நிற்கும், முனையில் மை உலரும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் எழுத்துக்கு நடுவே வெள்ளை வரி வரியாக வரும். 2020 ஊரடங்கில் ஆபீஸ் பூட்டிக் கிடந்து, திறந்தபோது முதல் மெஷினில் மஞ்சளும் நீலமும் வரவேயில்லை. மை வரும் முனையை மெஷினே சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் ஏழெட்டுத் தடவை கொடுத்துத்தான் சரியானது. அந்தக் கிளீனிங்கில் போகிற மையெல்லாம் எங்கே போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மெஷினுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கிறது, அதில் போய்ச் சேர்கிறது. மெஷின் அதைக் கணக்கு வைத்துக்கொண்டு, நிரம்பிவிட்டது என்று தோன்றினால் வேலை செய்வதை நிறுத்திவிடும். 2022 நவம்பரில் அதுதான் நடந்தது. அப்போது 41,000 பக்கம் ஓடியிருந்தது.

அச்சுதானே நின்றது, ஸ்கேன் பண்ணலாமே என்று பார்த்தால் அதுவும் இல்லை, ஜெராக்ஸும் இல்லை. எல்லாம் ஒரே மெஷினில் இருப்பதன் வில்லங்கம் இதுதான். சர்வீஸ் சென்டரில் ஆறு நாள் வைத்திருந்து ஸ்பாஞ்ச் மாற்றித் தந்தார்கள், மறு வாரமே தாள் இழுக்கும் ரோலர் போனது, விட்டுவிட்டோம். அந்த ஆறு நாளும் பழைய லேசரைத் தூசி தட்டி எடுத்துத்தான் சமாளித்தோம். அதை இன்றைக்கும் எடைக்குப் போடாமல் மூலையில் உறை போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது மெஷின் வாங்கும்போது கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாமா என்பது. மாற்றலாம் என்கிற மாடலாகப் பார்த்து வாங்கினேன். ஆடியிலும் மார்கழியிலும் திங்கட்கிழமை தோறும் தம்பி ஒரு கலர் பக்கம் அடிப்பான். மூன்று வருடமாக ஹெட் கிளீனிங் இரண்டே தடவைதான்.

வைஃபை வசதி பற்றி ஒரு வார்த்தை. கட்சிக்காரர் போனில் இருந்து நேரடியாக அடிக்கலாம், நல்ல வசதி. ஆனால் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் மெஷினுக்கு வேறு ஐபி எண் கொடுத்துவிடும், கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டு 'ஆஃப்லைன்' என்று காட்டும். ரவுட்டர் செட்டிங்கில் போய் பிரிண்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கின பிறகு அந்தத் தொல்லை இல்லை. பேக்ஸ் பட்டனை ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அமுக்கவில்லை, அதற்காகக் காசு அதிகம் கொடுக்க வேண்டாம்.

சரி, பக்கத்துக்கு எவ்வளவு. கருப்பு பாட்டில் ஒன்றுக்கு 6,000 பக்கம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது பக்கத்தில் சுமார் ஐந்து சதவீதம் மட்டும் மை விழும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பத்திரத்தில் மேலிருந்து கீழ்வரை எழுத்துதான், எங்களுக்கு மூவாயிரத்தைத் தாண்டுவதில்லை. அப்படியும் மைச் செலவு பக்கத்துக்கு இருபது பைசாவுக்குள்தான் வருகிறது, தாள் விலை அதைப் போல மூன்று மடங்கு.

இந்த மெஷினில் இப்போது 52,000 பக்கம் ஓடியிருக்கிறது. கழிவு மைப் பெட்டியில் இன்னும் 20 சதவீதம் இடம் காட்டுகிறது. ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று புதுப் பெட்டி ஒன்றைப் போன வாரமே ஈரோட்டிலிருந்து வாங்கி வந்து, முத்திரைத்தாள் வைக்கிற டிராயரிலேயே வைத்துவிட்டேன்.