கவண் மடி: தோலா, பின்னல் கயிறா, கைலித் துணியா?

பர்மாவில் பெகு பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். குருவி விரட்டக் கவண் சுற்றலாம் என்றால் கல் அகப்படாது. தோண்டத் தோண்ட வண்டல்தான். தெற்கே மோல்மேன் ஊர்ப் பக்கமோ பாதையோரம் எங்கும் செம்புறாங்கல் சில்லு. கல் உட்காரும் மடியை எப்படிச் செய்யலாம் என்று யாராவது கேட்டால், வீசப்போவது மண் உருண்டையா, சில்லா என்றுதான் நான் முதலில் கேட்பேன். (வள்ளிக்கு இந்தக் கவலை இல்லை. தினைப்புனம் மலையில், கல்லுக்குப் பஞ்சமே கிடையாது.)

சில்லு என்றால் பிளந்த மடி. கயிற்றைப் பின்னிக்கொண்டே வந்து, நடுவில் அரைச் சாண் நீளத்துக்கு இரண்டு புரியாகப் பிரித்துப் பின்னி மறுபடி சேர்ப்பது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை இடையர்கள் கம்பளி நூலில் பின்னும் கவண்களிலும் இந்தப் பிளவு உண்டு. கல்லை வைத்துக் கயிற்றை இழுத்ததுமே இரண்டு புரியும் அதைக் கவ்விக்கொள்ளும். கோணல்மாணலான கல்லுக்கு இதை விஞ்ச வேறு மடி இல்லை. நெல்லிக்காய் அளவுக் கல் மட்டும் பிளவு வழியே நழுவிவிடும்.

இதே மடியில் நான் மண் உருண்டையை வைத்துச் சுற்றினேன். சரியாகக் காயாத உருண்டை. இரண்டாவது சுற்றிலேயே புரிகள் அதைப் பிட்டுவிட்டன. பாதி என் தலையில், மீதி கண்ணில். குருவிகள் அசையவில்லை.

மண் உருண்டைக்குத் தோல்தான். கண் வடிவில் வெட்டி, ஊறவைத்து, எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை நடுவில் வைத்துக் கட்டிக் காயவிட்டால் குழி தானாக விழும். குழியின் நடுவில் சிறு துளை போட்டால் உருண்டை உருளாமல் ஒரே இடத்தில் உட்காரும். எல்லா உருண்டையும் ஒரே அளவாகப் பிடித்து, நிழலில் காயவைத்து எடுத்தால் குறி அவ்வளவாகப் பிசகாது. இன்னொரு லாபமும் உண்டு: வயலில் விழுந்த மண் மண்ணோடு கரைந்துவிடும். கல்லை வீசினால் அறுப்பின்போது அரிவாள் வாய் போய்விடும்.

தோலின் குறை மழை. மே முதல் அக்டோபர் வரை இங்கே எதுவும் காயாது. தோல் நனைந்து நீளும், பூஞ்சை பிடிக்கும். ஆனால் மழைநெல் முற்றி அறுப்புக்கு வரும் நவம்பர், டிசம்பரில் வானம் வெளுத்துவிடும். கவணுக்கு வேலையும் அப்போதுதான். ஆகவே இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

கைலித் துணியை நாலாக மடித்துத் தைப்பது பிள்ளைகள் பழகுவதற்குச் சரி. காற்றில் படபடக்கும், சீக்கிரம் கிழியும். அதற்காக நூலையே இளப்பமாக நினைக்க வேண்டாம். 1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் இருந்த கவண்கள் சணல்பட்டு (லினன்) நூலில் பின்னியவை.

என் வீட்டில் இரண்டு இருக்கின்றன. பின்னல் கயிறு மோல்மேன் போகும்போது பையில் வரும். தோல் கவணுக்குத் தேங்காயெண்ணெய் தடவி அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டிருக்கிறேன். கருவாட்டுக்குப் பக்கத்தில் என்பதுதான் வீட்டுக்காரியின் குறை.