க்னூ இன்ஃபோ படிப்பான்: சொல்லடைவுக்காகவே கற்கலாம்

லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் மேன் பக்கத்தை, அதாவது அதன் உதவிப் பக்கத்தை, கடைசிவரை உருட்டிப் பாருங்கள். முழு ஆவணம் இன்ஃபோவில் இருக்கிறது என்று சொல்லி, அதைத் திறக்கும் கட்டளையையும் அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். அதை அடித்து உள்ளே போகிறவர்களில் பலர் உடனே வெளியே வந்துவிடுகிறார்கள். ஸ்பேஸை அழுத்தினால் வேறெங்கோ போய்விடுகிறது, வந்த வழி தெரியவில்லை என்பது வழக்கமான புகார். புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கருவியைக் கைவிட வேண்டாம். எந்த விசையை முதலில் கற்பது என்று தெரிந்தால் ஒரே உட்காரலில் பழகிவிடலாம். பழகியபின் இதிலுள்ள சொல்லடைவு (இன்டெக்ஸ்) வழித் தேடல் ஒன்றுக்காகவே தினமும் திறப்பீர்கள்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். சுதந்திர மென்பொருள் திட்டமான க்னூவின் கையேடுகள் டெக்ஸ்இன்ஃபோ என்ற வடிவத்தில் எழுதப்படுகின்றன. அதை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஒரே மூலக் கோப்பிலிருந்து அச்சுக்கான பிடிஎஃப், உலாவிக்கான எச்டிஎம்எல், முனையத்தில் (டெர்மினலில்) படிக்கும் இன்ஃபோ மூன்றையும் எடுக்கலாம். முனையத்தில் தனியாக இயங்கும் படிப்பானை முதலில் எழுதியவர் பிரையன் ஃபாக்ஸ். கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லின் முதல் ஆசிரியரும் அவரே. எமாக்ஸ் உரைத்தொகுப்பிக்குள் இன்னொரு இன்ஃபோ படிப்பான் உண்டு. இரண்டிலும் விசைகள் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே பேசுவது முனையத்தில் ஓடும் தனிப் படிப்பானைப் பற்றி.

மேன் பக்கம் ஒரே நீளமான சுருள். இன்ஃபோ கையேடு ஒரு மரம். அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு கணு. ஒவ்வொரு கணுவின் தலையிலும் ஒரு வரி இருக்கும்: அடுத்த கணு எது, முந்தையது எது, மேலே எது. கணுவுக்குள் மெனு இருந்தால் நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகளாகத் தெரியும். திரையின் அடியிலிருந்து இரண்டாவது வரி நிலைப்பட்டை. கையேட்டின் பெயர் அடைப்புக்குறிக்குள், அதையடுத்துக் கணுவின் பெயர், அந்தக் கணுவில் எத்தனை வரிகள், கடைசியில் டாப், பாட், ஆல் அல்லது ஒரு சதவீதம். ஆல் என்றிருந்தால் கணு முழுவதும் திரையிலேயே இருக்கிறது, உருட்ட எதுவும் இல்லை. பாட் என்றிருந்தால் அடிக்கு வந்துவிட்டீர்கள், அடுத்த ஸ்பேஸ் வேறு கணுவுக்குக் கொண்டுபோகும். புதிதாக வருகிறவர்கள் இந்தப் பட்டையைப் பார்ப்பதே இல்லை. தடுமாற்றத்தில் பாதி அங்கே தொடங்குகிறது.

மறுபாதிக்குக் காரணம், இந்தப் படிப்பானில் ‘அடுத்தது’ இரண்டு விதமாக இருப்பது. எல்எஸ் கட்டளையின் கணுவையே எடுத்துக்கொள்வோம். அது அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யூட்டில்ஸின் கையேட்டில், கோப்புறைப் பட்டியல் பற்றிய அத்தியாயத்தில் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் அதற்குப் பின்னால் டிஐஆர், விடிஐஆர், டிர்கலர்ஸ் ஆகியவற்றுக்கான கணுக்கள். எல்எஸ் கணுவுக்குள்ளேயே எந்தக் கோப்புகள் பட்டியலில் வரும், எந்த விவரங்கள் வரும், எப்படி வரிசைப்படுத்துவது என்று உட்கணுக்களின் மெனு. இப்போது ‘என்’ (n) விசையை அழுத்தினால் டிஐஆர் கணுவுக்குப் போவீர்கள், ஏனென்றால் அந்த விசை அதே மட்டத்தில்தான் நகரும். கணுவின் அடிவரை வந்து ஸ்பேஸை அழுத்தினாலோ முதல் உட்கணு திறக்கும். ஸ்பேஸும் வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் வரிசையில் போகும். ‘என்’ விசையும் பி விசையும் சம மட்டத்தில் முன்னும் பின்னும், யு ஒரு படி மேலே. எல்எஸ் விருப்பங்களைத் தேடி வந்தவர் ‘என்’ விசையை அழுத்திவிட்டு, ‘வரிசைப்படுத்துவது பற்றி ஒன்றுமே இல்லையே’ என்று முடிவுகட்டுவது இதனால்தான். உட்கணுக்கள் எல்லாவற்றையும் அவர் தாண்டிப் போய்விட்டார்.

ஆகவே முதலில் கற்க வேண்டியது எல் விசை. எங்கே போயிருந்தாலும் கடைசியாகப் பார்த்த கணுவுக்கு அது திருப்பிக் கொண்டுவரும். மறுபடி மறுபடி அழுத்தினால் வந்த தடத்திலேயே பின்னால் போகலாம். உலாவியின் பின்செல் பொத்தானுக்கு நிகர் இதுதான், பி அல்ல. பி என்பது மரத்தில் முந்தைய கணு. நீங்கள் அங்கே போயே இருக்க மாட்டீர்கள். எல் கைக்கு வந்துவிட்டால் எந்த விசையையும் பயமில்லாமல் அழுத்திப் பார்க்கலாம். ஏதாவது கேள்வி கேட்டுத் திரையின் கடைசி வரியில் படிப்பான் காத்திருந்தால் கண்ட்ரோல் ஜி அழுத்தினால் ரத்தாகும். கியூ மொத்தமாக வெளியேற்றும்.

மெனுவில் நுழைய மூன்று வழிகள். டேப் விசை அடுத்தடுத்த இணைப்புகளுக்குத் தாவும், என்டர் உள்ளே போகும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் விசைகள் அந்தந்த இடத்திலுள்ள மெனு வரியைத் திறக்கும், சுழியம் கடைசி வரியைத் திறக்கும். மூன்றாவது, எம் அழுத்திப் பெயரின் தொடக்கத்தை அடித்து டேப் மூலம் நிரப்புவது. நீண்ட மெனுக்களில் இது ஒன்றே சரிப்படும். கோர்யூட்டில்ஸின் முதல் கணுவில் அத்தியாயங்களுக்குக் கீழே எல்லா உட்கணுக்களின் விரிவான பட்டியலும் இருக்கிறது. அதை டேப் தட்டிக் கடப்பது வீண் வேலை. வாக்கியத்தின் நடுவே வரும் குறுக்குக் குறிப்புகளைத் தொடர எஃப்.

இனி ஐ விசை. இந்தக் கருவியின் உயிர் இதில்தான் இருக்கிறது. பாஷ் ஷெல்லில் ஐஎஃப்எஸ் என்ற மாறி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பாஷின் மேன் பக்கத்தில் அந்த மூன்று எழுத்தைத் தேடினால் போகிற போக்கில் குறிப்பிட்ட இடங்களில் எல்லாம் நிற்கும், விளக்கம் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பாஷின் இன்ஃபோ கையேட்டைத் திறந்து ஐ அழுத்தி அதே மூன்று எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். போர்ன் ஷெல் மாறிகள் என்ற கணுவில், அந்த மாறியின் விளக்கத்தில் போய் நிற்கும். ஏன் இந்த வேறுபாடு? கையேட்டை எழுதியவர்களே எந்தச் சொல்லுக்கு எது உரிய இடம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். கருத்துகள், செயல்கூறுகள், மாறிகள், விசைகள், நிரல்கள் என்று டெக்ஸ்இன்ஃபோவில் தனித்தனிச் சொல்லடைவுகள் உண்டு. ஐ அத்தனையிலும் ஒரே நேரத்தில் தேடும். எழுத்தைத் தேடுவதற்கும் பொருளைத் தேடுவதற்கும் உள்ள தூரம் இது.

முதலில் கிடைத்தது வேண்டியது இல்லையென்றால் காற்புள்ளியை அழுத்துங்கள், அடுத்த பொருத்தம் வரும். பொருத்தங்கள் நிறைய இருக்கும் என்று தோன்றினால் ஷிப்ட்டோடு ஐ அழுத்துவது மேல். பொருந்தும் எல்லாவற்றையும் ஒரு தற்காலிக மெனுவாகக் கட்டித் தரும், அதிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். படிப்பானைத் திறக்கும்போதே சொல்லடைவில் தேட வேண்டுமானால் கையேட்டின் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, இரட்டைக் கோடு, இன்டெக்ஸ், ஒற்றைக் கோடு, சர்ச், சமக்குறி, தேடும் சொல் என்று இடைவெளியின்றிச் சேர்த்து அடிக்கலாம். எந்தக் கையேடு என்றே தெரியாதபோது அப்ரபோஸ் விருப்பம் கணினியிலுள்ள எல்லாக் கையேடுகளின் சொல்லடைவுகளையும் துழாவும். கையேடுகள் அதிகம் இருந்தால் சற்று நேரம் பிடிக்கும்.

சொல்லடைவில் இல்லாததை எஸ் விசையால் தேடலாம். கணுவோடு நிற்காமல் கையேடு முழுவதும் தொடரும். அடுத்த பொருத்தத்துக்கு வலப்பக்க நெளிவு அடைப்புக்குறி, முந்தையதற்கு இடப்பக்கம். மேன் பக்கங்களைக் காட்டும் லெஸ் கருவியில் பழகிய கை இங்கே ‘என்’ விசையைத் தட்டும். அது தேடலைத் தொடராது, கணுவைத்தான் மாற்றும். லெஸ் அல்லது விஐ உரைத்தொகுப்பியின் பழக்கம் விடாதவர்களுக்கு விஐ விசைகள் என்ற விருப்பத்தோடு திறக்கும் வழி உண்டு. ஆனால் ‘என்’ விசையின் பொருள் அங்கே தேடலைத் தொடர்வது என்று மாறிவிடும். ஆவணங்களில் படித்த விசைகளும் கையில் இருக்கும் விசைகளும் பொருந்தாமல் போகும். புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

குறை என்று ஒன்றைச் சுட்டுவதானால் ஸ்பேஸின் இயல்பான நடத்தையைத்தான். கணு முடிந்ததும் கேட்காமல் அடுத்ததில் நுழைவது, புத்தகத்தை முதலிலிருந்து படிப்பவருக்கு வசதி. ஒரே ஒரு விருப்பத்தைப் பார்க்க வந்தவருக்குத் தொல்லை. இதை மாற்றலாம். உங்கள் முகப்புக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் இன்ஃபோகீ என்ற கோப்பில், ஹாஷ் குறியோடு (#) சேர்த்து ‘வார்’ என்று ஒரு வரி, அடுத்த வரியில் ஸ்க்ரோல் பிஹேவியர் மாறிக்குப் பேஜ் ஒன்லி என்ற மதிப்பு. மாறியின் பெயரில் பிஹேவியர் என்பதைப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில், நடுவே ஒற்றைக் கோட்டோடு எழுதுங்கள். அதன்பின் ஸ்பேஸ் கணுவின் அடியிலேயே நிற்கும். இது இயல்பாகவே இப்படி இருந்திருந்தால் இந்தப் படிப்பானை வெறுப்பவர்கள் குறைந்திருப்பார்கள்.

இனி, திறக்கவே முடியாமல் போகும் இடங்கள். எல்எஸ் மேன் பக்கம் தரும் கட்டளையில் கோர்யூட்டில்ஸ் என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும், மொத்தமும் ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும். மேற்கோளை விட்டுவிட்டு அடித்தால் ஷெல் அந்த அடைப்புக்குறியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு தொடரியல் பிழை காட்டும். படிப்பான் அதில் தொடங்கவே இல்லை.

இன்னொன்று நுட்பமானது. கேட்ட கையேடு கணினியில் இல்லையென்றால் இன்ஃபோ சத்தமில்லாமல் மேன் பக்கத்தைத் திறந்து காட்டும். மெனு இல்லை, மேல் கணு இல்லை, ஐ விசைக்குப் பலன் இல்லை. ‘இன்ஃபோவிலும் இதேதானே இருக்கிறது’ என்ற முடிவுக்குப் பலர் வருவது இந்த இடத்தில். நிலைப்பட்டையில் மேன்பேஜஸ் என்று நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே தெரிந்தால் நீங்கள் பார்ப்பது மேன் பக்கம். டபிள்யூ விருப்பத்தோடு ஓட்டினால் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும், அங்கேயும் அதே சொல் வந்தால் கையேடு நிறுவப்படவில்லை.

டெபியன், உபுண்டுவில் இது அடிக்கடி நேரும். அதற்கு உரிமம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. 2006இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, மாற்றக்கூடாத பகுதிகள் உள்ள க்னூ ஆவண உரிமக் கையேடுகள் தங்கள் முதன்மைத் தொகுப்பில் இடம்பெற முடியாது என்று முடிவெடுத்தார்கள். எமாக்ஸ் கையேட்டில் க்னூ அறிக்கை அப்படி ஒரு பகுதி. எனவே எமாக்ஸை நிறுவினாலும் கையேடு வராது, நான்-ஃப்ரீ பிரிவை இயக்கி எமாக்ஸ் காமன் நான் டிஎஃப்எஸ்ஜி என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். நிரல்களைத் தொகுக்க உதவும் மேக் கருவியின் கையேடும் அதே பிரிவில், மேக் டாக் என்ற பொதியில் இருக்கிறது. பாஷின் கையேடு முதன்மைத் தொகுப்பிலேயே இருந்தாலும் பாஷ் டாக் என்று தனிப் பொதி. கோர்யூட்டில்ஸ் தன் கையேட்டைக் கூடவே கொண்டுவருகிறது. படிப்பானுக்கும் இன்ஃபோ என்ற தனிப் பொதி உண்டு. டாக்கர் கொள்கலன்களுக்கான சிறு பிம்பங்களில் இடம் மிச்சப்படுத்த இன்ஃபோ கோப்புறையையே விலக்கி வைத்திருப்பார்கள். அங்கே போராடாமல் வெளியே உள்ள கணினியில் படியுங்கள்.

கைப்பட நிறுவிய மென்பொருளின் கையேடு, இன்ஃபோவை வெறுமனே திறந்தால் தெரியும் முதற்பட்டியலில் வராவிட்டால், டிர் என்ற கோப்பில் அதற்கு வரி சேரவில்லை என்று பொருள். இன்ஸ்டால்-இன்ஃபோ கட்டளை அதைச் சேர்க்கும். கோப்புறை வழக்கமான இடத்தில் இல்லையென்றால் இன்ஃபோபாத் சூழல் மாறியில் குறிப்பிடுங்கள். முடிவில் ஒரு முக்காற்புள்ளி வைக்க மறக்க வேண்டாம். அது இருந்தால்தான் வழக்கமான கோப்புறைகளும் சேர்ந்து தேடப்படும்.

பயிற்சிக்கு எச் விசை ஒரு பாடத்தைத் திறக்கும். நிதானமாக எழுதப்பட்ட நல்ல பாடம். ஆனால் என், பி, யு என்று தொடங்கிச் சொல்லடைவுக்கு மிகத் தாமதமாக வருகிறது, அதற்குள் பொறுமை போய்விடும். ஷிப்ட்டோடு எச் அழுத்தினால் விசைகளின் பட்டியல் தனிச் சாளரமாகத் திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு எல், ஐ, காற்புள்ளி, ஸ்பேஸ் நான்கையும் பாஷ் கையேட்டில் பழகுவது விரைவான வழி.

மரமே வேண்டாம், சுருளாகவே படிக்கிறேன் என்பவர்கள் இன்ஃபோவின் வெளியீட்டைக் குழாய் வழியே லெஸ்ஸுக்கு அனுப்பலாம். வெளியீடு முனையத்துக்குப் போகவில்லை என்று தெரிந்ததும் உட்கணுக்கள் உட்பட முழுக் கையேட்டையும் கொட்டிவிடும். ஐ விசை மட்டும் கிடைக்காது. அம்பு விசைகளும் வண்ணங்களும் விரும்புகிறவர்களுக்கு லின்க்ஸ் என்ற முனைய உலாவியின் பாணியில் பின்ஃபோ என்ற வேறொரு படிப்பான் இருக்கிறது. எமாக்ஸ் திறந்தே இருக்கும் கணினியில் கண்ட்ரோல் எச், பிறகு ஐ. அங்கே சுட்டியாலும் சொடுக்கலாம், எல் விசையால் பின்னால் போனபின் ஆர் விசையால் திரும்ப முன்னால் வரலாம்.