ஐப்பசி மழையும் இரண்டு கேமராக்களும்

2004 மகாமகத்தை ஃபிலிமில் எடுத்தேன். 2016 மகாமகத்தை, லென்ஸுக்குப் பின்னால் பிம்பம் காட்டும் கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமராவான டி.எஸ்.எல்.ஆரில் எடுத்தேன். 2028-இல் குளக்கரையில், அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸோடு நிற்பது என்ற எண்ணத்தில்தான் நிக்கான் இசட்50 வாங்கினேன். இரண்டு ஐப்பசிகள் போனபின் அதை விற்றுவிட்டு, அலமாரியில் கிடந்த பழைய டி.எஸ்.எல்.ஆரான டி7200-ஐயே மறுபடி தோளில் மாட்டிக்கொண்டேன். சென்ற வாரம் அக்காள் மகன், "மாமா, இரண்டில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் டெல்டாவில் இருப்பவர்களுக்குத்தான் இது முழுதாகப் பொருந்தும்.

ஃபிலிமை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. என் எஃப்எம்10 இன்றும் ஓடுகிறது. ஒளிமானிக்கு மட்டும்தான் அதற்கு பேட்டரி வேண்டும். ஆனால் சுருளுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுக்கும் பொறுமையை இந்த வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்தக் கேமரா எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் லென்ஸில் பூஞ்சை பிடித்தது அந்த உறைக்குள்தான்.

எல்லோரும் கேட்கும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். எடையில் இசட்50 எளிதாக வெல்கிறது. பேட்டரியோடு அது 450 கிராம், டி7200 765 கிராம். படத்தின் தரத்தில், ஒன்று 20.9 மெகாபிக்சல், மற்றது 24.2; சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரதி போட்டால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மனிதர்களின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதில் மிரர்லெஸ்ஸுக்கு நிகரில்லை. சத்தமில்லாமல் எடுக்கலாம் என்பதும் பெரிய வரம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது பஞ்சரத்னக் கீர்த்தனைகள் பாடப்படுகையில், ஷட்டர் ஓசையால் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காமல் எடுத்தேன். அந்த ஒரு காலைக்காகவே அதை விற்க முதலில் மனம் வரவில்லை. பேட்டரியில் டி7200 வெகுதூரம் முந்துகிறது. நிறுவனத்தின் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 1,110 படம்; இசட்50-க்கு 300 அளவில்தான்.

இனிப் பராமரிப்பு. நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான்.

தை மாதம் சம்பா அறுவடை. இயந்திரம் வயலில் இறங்கினால் சுணையும் வைக்கோல் தூளும் புகைபோல எழும். வரப்பில் நின்று லென்ஸ் மாற்றினேன். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றியதும், படத்தைப் பதிவு செய்யும் சென்சார் திறந்தபடி தெரியும். டி.எஸ்.எல்.ஆரில் அதன் முன்னால் கண்ணாடியும் ஷட்டர் திரையும் மறைத்து நிற்கும். மறுநாள் தாராசுரம் போய் ஐராவதேசுவரர் கோயில் விமானத்தை, லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சிறுக்கி எஃப்/16-இல் எடுத்தேன். எல்லாப் படத்திலும் வானத்தில் அதே இடத்தில் நான்கு சாம்பல் புள்ளிகள். துவாரம் சிறுக்கச் சிறுக்கத் தூசியின் நிழல் கூர்மையாக விழும். துவாரத்தை அகலத் திறந்து எஃப்/2.8-இல் எடுத்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. டி7200-இல் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி இருக்கிறது. இசட்50-இல் அது இல்லை. ரப்பர் ஊதியால் ஊதினேன். இரண்டு புள்ளிகள் போயின, இரண்டு போகவில்லை.

அடுத்தது மழை. ஒரு கார்த்திகை இரவு, மழை விட்ட நேரத்தில், இசட்50-இன் 16-50 லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, பறித்த நாற்றின் வேரைப்போல வெள்ளை இழைகள். அதே அலமாரியில் இருந்த பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸிலும் அதே வேர்கள். பூஞ்சைக்குப் பழையது, புதியது என்ற பேதம் கிடையாது. அதை மறைக்க மாட்டேன். வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய கேமராக்களைப் பிரித்துப் பழகிய ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோனேன். 50 மி.மீ. லென்ஸில் மொத்தமே 6 கண்ணாடி வில்லைகள். ஃபோகஸ் செய்யும் மோட்டாரும் உள்ளே இல்லை, லென்ஸைத் திருப்புவது கேமராவில் உள்ள மோட்டார். என் கண்முன்னே பிரித்துத் துடைத்து மாலைக்குள் கொடுத்துவிட்டார். மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதன் உள்ளே நாடா வயர் ஓடுகிறது சார். அறுந்துபோனால் நான் பொறுப்பேற்க முடியாது" என்று திருப்பித் தந்தார். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் பிறகு துடைத்தும் பயனில்லை. வெளியூர் அனுப்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்புதான்.

அந்த 50 மி.மீ. லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு இசட்50-இல் மாட்டலாம். ஆனால் அடாப்டரில் மோட்டார் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். என்னிடம் இருக்கும் மூன்று பழைய லென்ஸ்களுக்கும் இதே கதிதான்.

எனவே என் ஓட்டு பழைய டி.எஸ்.எல்.ஆருக்கு. விலை உயர்ந்த மிரர்லெஸ்களில், அணைத்ததும் ஷட்டர் திரை சென்சாரை மூடிக்கொள்ளும் வகைகள் உண்டு. அவற்றை நான் ஒரு மழைக்காலம்கூட வைத்திருந்ததில்லை, அவற்றைப் பற்றி நான் பேசுவது சரியாகாது. பறவைகளுக்காகக் கோடியக்கரை போகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். இரண்டே முறை போயிருக்கிறேன், பூநாரைகள் இரண்டு முறையும் தொலைவிலேயே நின்றன. புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல்களின் வரத்தும் அநேகமாக நின்றுவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவருக்கு இது சரிவராது.

எதை வாங்கினாலும் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் வேண்டும். ஈரப்பதமானியின் முள் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தரக்கூடாது.

அக்காள் மகனுக்காகத் தஞ்சாவூரில் ஒரு டி7200 விலைக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம். எஃப்/16-இல் வெற்று வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும், லென்ஸைத் திறந்து பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். டார்ச்சை மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.