புதிதாக வந்த கன்றுகளுக்கு உலர்புல்லா, அடர்தீவனமா?

கொழுக்க வைக்கும் பண்ணைக்கு வந்து இறங்கும் கன்று முதல் வாரத்தில் உடல் எடையில் 0.5 முதல் 1.5 சதவீதம்தான் தின்னும். 200 கிலோ கன்றுக்கு ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ. தாயைப் பிரிந்து, சந்தையில் பல ஊர்க் கன்றுகளோடு நின்று, பட்டினியாகப் பயணம் செய்து வந்த உடம்பு அது. இந்தக் கொஞ்சத் தீனி எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் பண்ணையாளர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள்.

உலர்புல்லில் பெரிய வசதி, அது பழகிய தீனி. மேய்ச்சலிலிருந்து வந்த கன்று தயங்காமல் வாய் வைக்கும். முதல் வயிற்றில் அமிலம் ஏறும் பயமும் இல்லை. நார் கூடினால் நோய் சற்றுக் குறைவதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் எடை ஏறாது. புரதமும் சத்தும் குறைந்த புல்லை ஒரு கிலோ தின்றுவிட்டு பயணக் களைப்பில் எளிதாகத் தொற்றும் நிமோனியாவோடு போராடு என்று கன்றிடம் சொல்வது நியாயமே இல்லை.

தானியமும் புண்ணாக்கும் சேர்ந்த அடர்தீவனம் பாதி முதல் முக்கால் பங்கு வரையும், புரதம் 13 முதல் 15 சதவீதமும் உள்ள தொடக்கக் கலவையில் ஒவ்வொரு வாயிலும் சத்து அதிகம். தீனி குறையும்போது அதுதானே தேவை? சிக்கல் என்னவென்றால், பழகாத கன்று தொட்டியை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பசியோடு இருப்பது அளவுக்கு மீறித் தின்று அமில நோயில் விழும்.

என் ஓட்டு கலவைக்குத்தான். முதல் சில நாள் மட்டும் அதன் மேல் உலர்புல்லைத் தூவுங்கள். புல்லைத் தேடி வரும் வாய் கலவையையும் ருசி பார்க்கும். அப்புறம் புல்லைக் குறைத்துவிடலாம். புரதம் புண்ணாக்கிலிருந்து வரட்டும். புரதத்துக்கு மாற்றாகத் தீவனத்தில் சேர்க்கும் யூரியா இந்தக் கட்டத்தில் வேண்டாம். ஈரமான சைலேஜும் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வந்த அன்றே எல்லாக் கன்றுக்கும் ஆன்டிபயாடிக் ஊசியா, நோயுற்றதற்கு மட்டுமா? முன்பே பால் மறந்து, தடுப்பூசி போட்டு, ஒரே பண்ணையிலிருந்து வந்தவற்றுக்கு மொத்த ஊசி வீண். மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும். பூர்வீகம் தெரியாத சந்தைக் கன்றுகளில் அது உண்மையிலேயே நோயையும் சாவையும் குறைக்கிறது. கால்நடை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். சரி, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் தீனி வைக்கும் நேரத்தில் தொட்டிக்கு வராமல் ஒதுங்கி நிற்கும் கன்றை உடனே பிடித்து வெப்பமானி வையுங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும்.