துடைப்பதா, திருத்துவதா, மாற்றுவதா: டிவிடி டிரைவின் கோளாறுக்கு எது தீர்வு?

வட்டைப் படிக்க மறுக்கும் டிவிடி டிரைவுக்கு மூன்று வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன: லென்ஸைத் துடைப்பது, விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவது, டிரைவையே மாற்றுவது. இவற்றில் எது சிறந்தது என்பதைக் கோளாறின் அறிகுறிதான் சொல்ல வேண்டும். வேறு இரண்டு வட்டுகளைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. கீறல் விழுந்த வட்டுக்காக டிரைவைப் பிரித்தவர்கள் பலர்.

டிரைவின் பெயரே கணினியில் தெரியாமல், கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும் 19, 39, 41 போன்ற பிழை எண்களும் தோன்றினால், துடைப்பதால் பயனில்லை. வட்டு எழுதும் மென்பொருள்களை நீக்கிய பின்னும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற மதிப்புகளை, நகலெடுத்து வைத்துக்கொண்டு நீக்கி, கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை நிரலான பயாஸிலும் டிரைவ் தெரியவில்லையென்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெயர் தெரிந்தும் படிக்கவில்லையென்றால் லென்ஸா லேசரா என்ற கேள்வி எழுகிறது. சிடியை 780 நானோமீட்டர் லேசரும் டிவிடியை 650 நானோமீட்டர் லேசரும் படிக்கின்றன. பெரும்பாலான டிரைவ்களில் இரண்டுக்கும் லென்ஸ் ஒன்றுதான். ஆகவே இரு வகை வட்டுகளிலும் தடுமாறும் டிரைவில் தூசியைச் சந்தேகிக்கலாம். சிடியைச் சரளமாகப் படித்துவிட்டு டிவிடியை மட்டும் மறுக்கும் டிரைவில், டிவிடிக்கான லேசர் தளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்; அதை எவ்வளவு துடைத்தாலும் மீட்க முடியாது. துடைப்பதென்றால், தூரிகை பொருத்திய துப்புரவு வட்டைவிட, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒட்டிய கறையைத் தூரிகை எடுப்பதில்லை. ஆனால் லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தக் கூடாது.

படிக்கிறது, எழுதுவதில்லை என்பது வேறு கதை. எழுதுவதற்குப் படிப்பதைவிடப் பல மடங்கு லேசர் திறன் தேவை. ஒவ்வொரு வகை வெற்று வட்டிலும் எப்படி எழுதுவது என்ற குறிப்பு டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. எனவே வேறு நிறுவனத்தின் வட்டில், 16 மடங்குக்குப் பதில் 8 மடங்கு வேகத்தில் எழுதிப் பார்த்து, அதுவும் தோற்றால்தான் புதிய டிரைவ் வாங்கலாம். யுஎஸ்பி டிரைவ் வாங்குபவர்கள் அதைப் பல கருவிகளை ஒன்றாகச் செருகும் ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேரடியாகச் செருக வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியரே சில டிரைவ்களுக்கு எழுதும்போது போதாது; ஹப்பில் அதையும் மற்ற கருவிகளோடு பகிர வேண்டியிருக்கும்.