படகு இன்ஜின் ஹெட் வேலை: பட்டறை வேலை அருமை, மாட்டினது சுமார்

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி). புகைப்போக்கியில் வெள்ளைப் புகை, ஆயிலைப் பார்த்தால் பால் ஊற்றிய டீ மாதிரி. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்தான் போயிருக்கும் என்று நினைத்து ஹெட்களைப் பட்டறையில் கொடுத்தேன். ஆனால் நீர்ப்பாதைகளை அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, வெந்நீரில் முக்கியபோது ஒரு ஹெட்டில் இரண்டு வால்வ் சீட்டுக்கு (வால்வ் வந்து உட்காரும் இடம்) நடுவே குமிழி வந்தது. மயிரிழை விரிசல். வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் "இது தேறாது, மாற்றிவிடுங்கள்" என்று நேராகச் சொன்னார்கள், அதற்கே நட்சத்திரம் கொடுக்கலாம். இன்னொன்றின் அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கி (ஃபேசிங்), ஸ்ட்ரெய்ட் எட்ஜும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து என் கண் முன்னாலேயே மட்டம் காட்டினார்கள். வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங்கும் சுத்தம். போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் காற்றும் புகையும் போகும் வழி) டீசல் ஊற்றினால் சொட்டுகூடக் கசியவில்லை.

அப்புறம் மாட்ட வந்தவர்தான் என் பொறுமையைச் சோதித்துவிட்டார். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலைத் துடைக்காமலே இறுக்கப் பார்த்தார். அப்படிச் செய்தால் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் பொய் சொல்லும், பிளாக்கே விரிசல் விடவும் வாய்ப்புண்டு. நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக இறுக்குங்கள் என்று மேனுவலை நான் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. ஹெட் விரிசல் விடும் அளவுக்கு இன்ஜின் ஏன் சூடேறியது என்று யாரும் கேட்கவே இல்லை. கடல்நீர் பம்ப்பைக் கழற்றினால் இம்பெல்லரில் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இரண்டு இதழ் காணோம், அந்தத் துண்டுகள் இன்ஜின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கிக் கிடந்தன.

ஹெட்டை அங்கே தாராளமாகக் கொடுக்கலாம், மாட்டும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.