பழைய ஸ்டீரியோவும் புது டிவியும்: நீண்ட நாள் புழக்கத்தில் தெரிந்தவை

டிவி மெலிய மெலிய அதன் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. இப்போது வரும் தட்டை டிவிகள் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் இருக்கிறது. காதுக்கு வருவது மேசையிலும் சுவரிலும் மோதித் திரும்பிய ஒலி. பின்னணி இசை எழுந்தால் வசனம் அமுங்கும்; வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் ஹாலே அதிரும்.

இதற்கு சவுண்ட்பார் மட்டும்தான் வழி என்றில்லை. வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் சும்மா கிடந்தால் முதலில் அவற்றை டிவியோடு சேர்த்துப் பாருங்கள். சேனலுக்கு 30 வாட் உண்மையாகத் தரும் ஆம்ப், 12க்கு 14 அடி ஹாலுக்குத் தாராளம். வசனத் தெளிவில் பல சவுண்ட்பார்களை இது சுலபமாக முந்தும். ஆனால் இணைப்பு, டிவி செட்டிங், ஸ்பீக்கர் வைக்கும் இடம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

இணைப்பில் முதல் தேர்வு ஆப்டிகல், அதாவது டிவியின் டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள். பழைய ஆம்பில் ஆப்டிகல் உள்ளீடு இருக்காது என்பதால் நடுவே ஒரு டாக் (டிஜிட்டல் ஒலியை ஆம்ப் ஏற்கும் அனலாக் சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டி) வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண டாக்கே டிவிக்குப் போதும். அதன் ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளை முனைகள்) வெளியீட்டை ஆம்பின் ஆக்ஸ் அல்லது சிடி உள்ளீட்டில் செருகுங்கள். ஃபோனோவில் செருகக் கூடாது. அது ரெக்கார்டு பிளேயரின் மெல்லிய சிக்னலுக்காக அமைந்தது, ஒலி சிதைந்துதான் வரும். புது ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்துவிட்டு கேபிள் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. டிவி ஓடும்போது மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் கேபிளில் குறை இல்லை. கேபிளைச் சுவர் மூலையில் மடக்கி அழுத்தாமல் வளைவாக விடுங்கள்.

எல்லாம் செருகியும் சத்தமே வரவில்லை, அல்லது 'கிர்' என்ற இரைச்சல் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: டிவி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கப்பட்ட ஒலியை அப்படியே அனுப்புகிறது, மலிவான டாக்குக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவியின் ஒலி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் ஃபார்மேட்டை 'ஆட்டோ'விலிருந்து பி.சி.எம்.முக்கு (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) மாற்றினால் தீர்ந்தது. செட் டாப் பாக்ஸிலும் இதே செட்டிங் தனியாக இருக்கும். சில சேனல்களில் மட்டும் ஒலி வராமல் போனால் அங்கே பாருங்கள்.

ஆப்டிகலில் ஒரு குறை, பெரும்பாலான டிவிகளில் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. ஆம்புக்கு ரிமோட் இல்லையென்றால் விளம்பரத்துக்கு விளம்பரம் எழுந்து போக வேண்டியிருக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை அதே கேபிளில் வெளியே அனுப்பும் வசதி) உள்ளீடு கொண்ட டாக்கோ ஆம்போ வாங்கினால் டிவி ரிமோட்டே வேலை செய்யும். அதற்கு டிவியில் சி.இ.சி., அதாவது ஒரே ரிமோட்டால் இணைந்த கருவிகளையும் இயக்கும் வசதி, ஆன் ஆகியிருக்க வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. டிவியின் பின்னால் ஏ.ஆர்.சி. அல்லது அதன் மேம்பட்ட வடிவமான ஈ.ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில்தான் செருக வேண்டும், மற்றவற்றில் ஒலி திரும்பி வராது. ஸ்டீரியோவுக்கு ஏ.ஆர்.சி.யே போதும்.

ப்ளூடூத்தைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்க வேண்டாம். ஒலி தாமதமாக வந்து உதட்டசைவோடு ஒட்டாது.

உதட்டசைவு பற்றி ஒரு கணக்கு உண்டு. ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அமைப்பின் பரிந்துரைப்படி, ஒலி படத்தை முந்தினால் 45 மில்லிவினாடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. நிஜத்திலும் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தானே வருகிறது. செட் டாப் பாக்ஸிலிருந்து நேராக ஆம்புக்கு ஆப்டிகல் இழுத்தால் நடப்பது மோசமான வகை: டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கும், ஒலி முந்திவிடும். அதனால் எல்லாவற்றையும் டிவிக்கே கொடுத்து, டிவியிலிருந்து ஒலியை எடுங்கள். அப்போதும் முந்தினால் டிவி மெனுவில் ஆடியோ டிலே இருக்கிறதா பாருங்கள். பிந்தினால் டிலே எண்ணைப் பூஜ்யமாக்குங்கள்.

ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்தோ ஆர்.சி.ஏ.யிலிருந்தோ எடுத்தால் சில வீடுகளில் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்கும். கேபிள் டிவி அல்லது டிஷ் ஒயரின் உறை ஓரிடத்தில் எர்த் ஆகிறது, ஆம்ப் வேறிடத்தில் எர்த் ஆகிறது; இரண்டுக்கும் நடுவே ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் அந்த உறுமல். டிஷ் ஒயரைக் கழற்றியதும் நின்றால் சந்தேகமே வேண்டாம். ஆப்டிகலில் போவது வெறும் ஒளி என்பதால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஆனால் டாக்குக்கு டிவியின் யூ.எஸ்.பி.யிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அதே எர்த் பின்வாசல் வழியாக வந்து சேரும். தனி அடாப்டர் போடுங்கள். உறுமல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஸ்பீக்கர் ஒயருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். ஐந்து மீட்டர் ஓட்டத்துக்கு மொத்தத் தடை ஏறத்தாழ 0.13 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டில்லை. பிளஸ், மைனஸ்தான் முக்கியம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) காணாமல் போகும், வசனம் திரையின் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும். ஒயரில் அடையாளம் இல்லையென்றால் ஆம்ப் பக்கம் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். வூஃபரின் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ்.

அதிக பலன் தருவதும் அதிகம் பேர் அலட்சியம் செய்வதும் ஸ்பீக்கர் வைக்கும் இடம். ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்), உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 3 முதல் 3.5 அடியில் வரட்டும். 55 அங்குல டிவி நான்கடி அகலம்; இரு ஸ்பீக்கருக்கும் நடுவே ஆறடி விட்டு எட்டடி தள்ளி உட்கார்ந்தால் படத்துக்குச் சரியாக இருக்கும். ஷோகேஸ் தட்டுக்குள் தள்ளி வைத்தால் பேஸ் வீங்கி வசனத்தை மூடும். பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து அரையடியாவது வேண்டும். இடமில்லையென்றால் ஒரு காட்டன் சாக்ஸைச் சுருட்டித் துளையை அடைத்துவிடுங்கள். பழைய ஆம்பில் பேஸைக் கூட்டும் 'லவுட்னஸ்' பட்டன் இருந்தால் டிவிக்கு ஆஃப்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குப் பேச்சு முழுக்க அருகிலுள்ள ஸ்பீக்கரிலிருந்தே வருவதுபோல் இருக்கும். இரு ஸ்பீக்கரையும் உள்நோக்கித் திருப்பி, அவற்றின் நேர்க்கோடுகள் நடு இருக்கைக்கு ஓரடி முன்னால் வெட்டும்படி வையுங்கள். ஓரத்தில் இருப்பவருக்கு அருகிலுள்ளது பக்கவாட்டிலும் தூரத்திலுள்ளது நேராகவும் படும், சமன் ஓரளவு திரும்பும். நடுவில் தோன்றும் குரலுக்கும் ஒரு குறை உண்டு. இரு ஸ்பீக்கர் ஒலியும் ஒவ்வொரு காதுக்கும் கால் மில்லிவினாடி வித்தியாசத்தில் சேர்வதால் 2000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுகிறது. மெய்யெழுத்துகளின் தெளிவுக்கு முக்கியமான இடம் அது.

நம் வீடுகளின் ஹால் பெரும்பாலும் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. நடுவில் நின்று கை தட்டினால் 'டர்ர்' என்று எதிரொலித்தால் எவ்வளவு விலை ஸ்பீக்கரும் அங்கே தோற்கும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கனமான பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இவை மூன்றும் சேர்ந்தால் கைதட்டலின் எதிரொலி கணிசமாகக் குறையும்.

ஓடிடி ஆப்பில் 5.1 (ஆறு சேனல் ஒலி), ஸ்டீரியோ என இரண்டு ஆடியோவும் இருந்தால் ஸ்டீரியோவை எடுங்கள். 5.1ஐ இரண்டாக மடிக்கும்போது நடு சேனலின் வசனத்தோடு பின் ஸ்பீக்கருக்கான ஒலிகளும் அதே இரண்டு ஸ்பீக்கருக்குள் நெருக்கியடித்து வரும். இரவில் 'நைட் மோட்' நல்ல துணை, அது உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லியதை உயர்த்துகிறது. சுற்றிலும் ஒலி வருவதுபோல் பாவனை செய்யும் டிவியின் விர்ச்சுவல் சரவுண்டை அணைத்துவிடுங்கள்.

இனி பராமரிப்பு. ஆம்புக்கு மேலே நான்கு அங்குலமாவது காலியாக இருக்கட்டும், செட் டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். கடலோர ஊர்களில் ஆர்.சி.ஏ. முனைகள் பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆம்பை அணைத்து, கழற்றித் துடைத்துச் செருகுங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். வூஃபரின் விளிம்பு ஃபோம் என்றால் நம் ஈரப்பதத்தில் பத்துப் பதினைந்து ஆண்டில் உதிரும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் கூம்பு கெடுவதற்கு முன் விளிம்பை மட்டும் மாற்றிவிடலாம். ரப்பர் விளிம்புக்கு இந்தக் கவலை குறைவு.

இவ்வளவும் செய்த பிறகும் சோபாவில் நாலைந்து பேர் உட்காரும் வீட்டில் ஓரத்து ஆட்களுக்குப் பேச்சு தெளியவில்லையென்றால், அப்போது ஏவி ரிசீவரும் (பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்) நடு ஸ்பீக்கரும் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. நடு ஸ்பீக்கரைத் திரைக்கு நேர் கீழே, தட்டின் முன்விளிம்பை ஒட்டி, காதை நோக்கிச் சற்று மேல்சாய்த்து வையுங்கள். ரிசீவர் மெனுவில் அதன் அளவை மட்டும் 2 டெசிபல் கூட்டலாம். ஆழ்ந்த பேஸுக்கான தனிப் பெட்டியான சப்வூஃபர் சேர்த்தால் கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி அதற்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸ். 120க்கு ஏற்றினால் ஆண் குரலின் அடித்தளம் மூலையிலிருக்கும் பெட்டியிலிருந்து கேட்கத் தொடங்கும்.